முதல் நாளே ஒரு பாட்டு

(ஈஸ்ட் ஹாமில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பெற்றோருக்கும், கிட்டார் கற்கத் தொடங்குவோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஈஸ்ட் ஹாமில் நின்று கிட்டாரைப் பற்றிப் பேசுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. நாம் கோயிலுக்கும் கடைக்கும் போய்வரும் இதே ஊரில்தான் பர்ஜஸ் ரோடு இருக்கிறது. அந்தத் தெருவில் 1920 மே மாதம் பிறந்தவர் பெர்ட் வீடன். 12 வயதில், பெட்டிகோட் லேன் சந்தையில் வாங்கிய பழைய கிட்டாரில் பழக ஆரம்பித்தவர். 1959இல் அவருடைய 'கிட்டார் பூகி ஷஃபிள்' என்ற இசைத்தட்டு பிரிட்டனின் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. ஆனால் அவரை உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த இசைத்தட்டுக்காக அல்ல. 1957இல் அவர் 'பிளே இன் எ டே' ('ஒரே நாளில் வாசி') என்ற மெல்லிய பாடப் புத்தகம் ஒன்றை எழுதினார். எரிக் கிளாப்டன், பிரையன் மே, பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் என்று பின்னாளில் பெயர் பெற்ற எத்தனையோ பேர் அந்தப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் முதல் பாடம் படித்தார்கள்.

அதே காலத்தில் லோனி டொனிகன் என்ற பாடகர் 'ஸ்கிஃபிள்' என்ற இசையால் பிரிட்டனையே ஆட்டி வைத்தார். அவரும் ஈஸ்ட் ஹாமில் வளர்ந்தவர். ஒரு கிட்டார், துணி துவைக்கும் தகரப் பலகை, தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டுக் கயிறு கட்டிய பேஸ், மூன்று கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்): ஸ்கிஃபிளுக்கு வேண்டியது இவ்வளவுதான். 1956இல் அவருடைய 'ராக் ஐலண்ட் லைன்' வெற்றி பெற்றபிறகு கிட்டார் வாங்காத தெரு இல்லை. லிவர்பூலில் ஜான் லெனன் பள்ளி நாட்களில் தொடங்கிய குழுவும் ஸ்கிஃபிள் குழுதான்.

ஒரே நாளில் கிட்டார் கற்றுவிட முடியுமா? முடியாது. வீடனுக்கும் அது தெரியும். ஆனால் முதல் நாள் முடிவதற்குள் கற்பவரின் கையிலிருந்து பாட்டு என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று வெளிவர வேண்டும் என்பது அவருடைய புத்தகத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. நான் இன்று சொல்ல வந்ததும் அதுதான். நம் பிள்ளைகள் கிட்டாரைக் கைவிடுவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்திற்குள். காரணம் திறமைக் குறைவு அல்ல. விரல் வலிக்கிறது, கை தடுமாறுகிறது, இத்தனைக்கும் பிறகு காதில் ஒரு பாட்டு விழவில்லை. அந்த மூன்று மாதத்தைப் பாட்டால் கடந்துவிட்டால் மீதி தானே நடக்கும்.

நம்முடைய சங்கீதப் பயிற்சி முறை வேறு. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், பிறகு கீதம் என்று படிப்படியாக ஏறுவது. குரலுக்கும் வீணைக்கும் அந்த ஒழுங்கு பொன்னானது. அதில் எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் அதே எதிர்பார்ப்போடு கிட்டாருக்கு வந்து, "முதல் ஆறு மாதம் பயிற்சி மட்டும், பாட்டெல்லாம் அப்புறம்" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். கிட்டாரில் இரண்டு கார்டு தெரிந்தாலே ஒரு மனிதர் பாட, இன்னொருவர் துணை வாசிக்கலாம். இந்த வாத்தியத்தின் பெரிய வரமே அது.

இனி, என்னிடம் எல்லோரும் கேட்கும் கேள்விகளுக்கு வருகிறேன்.

எந்தக் கிட்டார் வாங்குவது? மூன்று வகை. நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார், ஸ்டீல் கம்பி போட்ட அகூஸ்டிக் கிட்டார், எலக்ட்ரிக் கிட்டார். சிறு பிள்ளைகளுக்கு நைலான் நல்லது. விரலுக்கு மென்மை, கழுத்துப் பலகை அகலமாக, சுமார் 52 மில்லிமீட்டர் இருப்பதால் ஒரு விரல் பக்கத்துக் கம்பியில் பட்டு அடைப்பது குறையும். பெரியவர்கள் பாடிக்கொண்டே வாசிக்க ஸ்டீல் கம்பி பொருந்தும். எலக்ட்ரிக் கிட்டாரைப் பற்றி நம் வீடுகளில் ஒரு பயம் இருக்கிறது, சத்தம் என்று. உண்மையில் அதன் கம்பி மெல்லியது, அழுத்துவது மூன்றிலும் எளிது, ஹெட்போன் போட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கவே கேட்காது. வரிசை வீடுகளில் ஒற்றைச் சுவரைப் பகிர்ந்து வாழும் நமக்கு அது சின்ன விஷயம் அல்ல. பிள்ளை ராக் இசை கேட்டு வளர்கிறது என்றால் முதல் கிட்டாரே எலக்ட்ரிக்காக இருப்பதில் தவறில்லை.

ஒன்றை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி போடக் கூடாது. ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கும் மேல் இழுக்கும். கிளாசிக்கல் கிட்டாரின் உடல் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

பிள்ளையின் அளவுக்கு ஏற்ற கிட்டார் வேண்டும். ஐந்தாறு வயதுக்குக் கால் அளவு, ஆறிலிருந்து எட்டு வயது வரை அரை அளவு, எட்டிலிருந்து பதினொன்று வரை முக்கால் அளவு என்பது பொதுக் கணக்கு. "வளர்ந்தபிறகும் உதவுமே" என்று பெரிய கிட்டாராக வாங்கிக் கொடுத்தால், வளர்வதற்கு முன்பே விட்டுவிடுவார்கள்.

விலையைப் பொறுத்தவரை, 100 முதல் 200 பவுண்டுக்குள் நல்ல தொடக்கக் கிட்டார் கிடைக்கிறது. பழைய கிட்டாரும் நல்லதே. ஃபெல்தமில் வளர்ந்த பிரையன் மே, 1963இல் தன் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பு ஒன்றின் மரம். ஃப்ரெட் (மெட்டு) அடையாளங்களுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். அந்தக் கிட்டாரோடுதான் 2002இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமேல் நின்று வாசித்தார். விலைச் சீட்டில் பெரிய தொகை வேண்டியதில்லை. ஆனால் வாத்தியம் சரியாக அமைந்திருக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க முடியாது.

அதை எப்படிப் பார்ப்பது? டென்மார்க் ஸ்ட்ரீட்டுக்குப் போங்கள். டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு ஸ்டேஷனிலிருந்து இரண்டு நிமிட நடை. கடைகள் முன்பைவிடக் குறைந்துவிட்டன. ஆனாலும் கிட்டார்க் கடைகள் இன்னும் இருக்கின்றன, ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்த ரீஜென்ட் சவுண்ட்ஸ் உள்பட. அங்கே ஒரு கிட்டாரைக் கையில் எடுத்தால், பையிலிருந்து ஒரு பவுண்டு நாணயத்தை எடுங்கள். அதன் தடிமன் 2.8 மில்லிமீட்டர். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல், தடித்த ஆறாவது கம்பிக்கு அடியில் அதை வைத்துப் பாருங்கள். ஸ்டீல் கம்பிக் கிட்டாரில் ஒரு நாணயம் உரசிக்கொண்டு நிற்கும் உயரம் நல்ல உயரம். நைலானில் இன்னும் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கலாம். இரண்டு நாணயம் ஒன்றின் மேல் ஒன்றாக நுழைகிறது என்றால், அது எந்தக் கிட்டாராக இருந்தாலும் வேண்டாம். கம்பி அவ்வளவு உயரத்தில் நின்றால் வளர்ந்தவர் விரலே நோகும், எட்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

அடுத்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தி மீட்டுங்கள். திறந்த கம்பியின் சட்ஜத்துக்கு அது மேல் சட்ஜமாகச் சுத்தமாகச் சேர வேண்டும். நம்மில் பாட்டுக் காது உள்ளவர்கள் இதை ட்யூனர் இல்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள். சேரவில்லை என்றால் அந்தக் கிட்டாரில் எவ்வளவு பழகினாலும் அபசுரம்தான். ஏற்கெனவே வீட்டில் உள்ள கிட்டார் இப்படி இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். பழுது பார்ப்பவரிடம் கொடுத்து 'செட்-அப்' செய்து வாங்குங்கள். ஒரு வகுப்புக்குக் கொடுக்கும் பணத்தைவிட அந்தப் பணம் அதிகப் பயன் தரும்.

இடக்கைப் பிள்ளைகளைப் பற்றி. வெறுங்கையால் கிட்டார் வாசிப்பதுபோல் நடிக்கச் சொல்லுங்கள். எந்தக் கை மீட்டப் போகிறதோ அதுவே அவர்கள் கை. மெக்கார்ட்னி இடக்கையால் வாசிப்பவர். மார்க் நாப்ளர் இடக்கையர், ஆனால் வலக்கைக் கிட்டார் வாசிப்பவர். இரண்டும் சரி. கட்டாயப்படுத்துவது மட்டும் சரியல்ல.

விரல் வலி எப்போது போகும்? தினம் பழகினால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் விரல் நுனி காய்த்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் வாசித்தால் போகவே போகாது. ஒவ்வொரு வாரமும் புதிதாக வலிக்கும். தினமும் பதினைந்து நிமிடம் போதும். அழுத்தும் கையின் நகம் ஒட்ட வெட்டியிருக்கட்டும். விரலை ஃப்ரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். பாதி பலத்தில் கம்பி சுத்தமாக ஒலிக்கும். நுனி வலி இயல்பு. மணிக்கட்டு வலித்தால், விரல் மரத்தால், உடனே நிறுத்த வேண்டும். தொடர்ந்தால் ஜிபியிடம் காட்டுங்கள்.

சரி, முதல் நாள் என்ன வாசிப்பது? பல புத்தகங்கள் ஜி, சி, டி என்று தொடங்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக மூன்று விரலும் மூன்று திசையில் ஓட வேண்டும். நான் தொடங்குவது ஈ மேஜரில். நடுவிரல் ஐந்தாவது கம்பி இரண்டாம் ஃப்ரெட்; மோதிர விரல் நான்காவது கம்பி இரண்டாம் ஃப்ரெட்; சுட்டு விரல் மூன்றாவது கம்பி முதல் ஃப்ரெட். இப்போது இந்த மூன்று விரலையும் கலைக்காமல், அப்படியே தூக்கி, ஒரு கம்பி கீழே இறக்கி வையுங்கள். அது ஏ மைனர். வடிவம் மாறவில்லை, இடம் மட்டும் மாறியது. இனி மோதிர விரலை மட்டும் எடுத்து ஐந்தாவது கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வைத்தால் சி மேஜர். மூன்று கார்டு வந்துவிட்டது.

சங்கீதம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சந்தோஷம் இருக்கிறது. ஏ சுரத்தைச் சட்ஜமாக வைத்துக்கொண்டு ஈ மேஜரையும் ஏ மைனரையும் மாற்றி மாற்றி மீட்டச் சொல்லுங்கள். ஈ மேஜருக்குள் இருக்கும் காகலி நிஷாதம் சட்ஜத்தை நோக்கி இழுப்பது காதில் விழும். கீரவாணியின் வாசனை வரும். வகுப்பில் ராகம் பாடும் ஒரு சிறுமி இதை முதல் முறை தன் விரலாலேயே கேட்கும்போது, மேற்கொண்டு யாரும் அவளை உட்கார்ந்து பழகச் சொல்லத் தேவையில்லை.

கார்டு மாற்றும்போது தடுமாறுவதுதான் அடுத்த முறையீடு. ஜஸ்டின் சாண்டர்கோ என்ற கிட்டார் ஆசிரியர் 2003 முதல் இணையத்தில் இலவசமாகப் பாடம் சொல்லித் தருகிறார். அவர் பரப்பிய ஒரு பயிற்சி உண்டு: கடிகாரத்தில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு, இரண்டு கார்டுகளுக்கிடையே எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ணி எழுதி வைப்பது. நாள்தோறும் எண்ணிக்கை ஏறுவதைப் பிள்ளையே பார்க்கும். வீடியோவில் கற்கலாமா, ஆசிரியர் வேண்டுமா என்று கேட்கிறீர்கள். அவரைப் போன்றவர்களின் பாடங்கள் தரமானவை. பெரியவர்கள் தாராளமாக அப்படித் தொடங்கலாம். ஆனால் உங்கள் மணிக்கட்டு வளைந்திருப்பதைத் திரை சொல்லாது. மாதம் ஒருமுறையாவது தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

எஃப் கார்டு எல்லோரையும் அழ வைக்கும். சுட்டு விரலால் ஆறு கம்பியையும் படுக்க அழுத்த வேண்டும். முதல் சில மாதம் அதைத் தள்ளி வையுங்கள். சுட்டு விரல் இரண்டாவது கம்பி முதல் ஃப்ரெட், நடுவிரல் மூன்றாவது கம்பி இரண்டாம் ஃப்ரெட், மோதிர விரல் நான்காவது கம்பி மூன்றாம் ஃப்ரெட் என்று வைத்து, மெல்லிய நான்கு கம்பியை மட்டும் மீட்டினால் எஃப் மேஜர் செவன். பெரும்பாலான பாட்டுகளில் எஃப் வரும் இடத்தில் அது அழகாகவே ஒலிக்கும்.

மீட்டும் கைக்கு நம் தாளம் பெரிய உதவி. 'தகதிமி' என்று சொல்லிக்கொண்டே கீழ், மேல், கீழ், மேல் என்று கையை ஆட்டுங்கள். சில இடத்தில் கம்பியைத் தொடாமல் விடலாம். கை மட்டும் நிற்கக் கூடாது. ஆதி தாளம் போட்டுப் பழகிய பிள்ளைக்கு நான்கு நான்காக எண்ணும் மேற்கத்தியப் பாட்டில் தாளம் தவறுவதே இல்லை.

பாட்டின் சுருதி. நம் வீடுகளில் பாடுபவர்கள் கட்டைக் கணக்கில்தான் பேசுவோம். கிட்டார்க்காரர்கள் சி, டி என்பார்கள். ஒரு கட்டை என்பது சி. ஒன்றரை, சி ஷார்ப். ஐந்து கட்டை ஜி, ஐந்தரை ஜி ஷார்ப். ஒன்றரையும் ஐந்தரையும் பாடுபவர்களுக்கு வசதி, தொடக்கக் கிட்டார்க்காரருக்குக் கஷ்டம். இதற்குத்தான் கேப்போ என்ற கவ்வி. அண்ணன் ஒன்றரைக் கட்டையில் சங்கராபரணம் போன்ற மேஜர் பாட்டுப் பாடினால், முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டுச் சி வடிவத்தில் வாசியுங்கள். தங்கை ஐந்தரையில் பாடினால், அதே முதல் ஃப்ரெட், ஜி வடிவம். பாட்டு மைனராக இருந்தால் இருவருக்கும் கேப்போ நான்காம் ஃப்ரெட்டில்: அண்ணனுக்கு ஏ மைனர் வடிவம், தங்கைக்கு ஈ மைனர் வடிவம். இந்த ஒரு சிறு கருவி நம் வீட்டுப் பாட்டையும் இந்த வாத்தியத்தையும் சேர்த்து வைக்கிறது.

எந்தப் பாட்டு? இங்கே உள்ள அம்மப்பாக்களுக்கு நித்தி கனகரத்தினத்தையும் ஏ. ஈ. மனோகரனையும் நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர்கள் பாடிய இலங்கைத் தமிழ்ப் பொப் பாட்டுகள் கிட்டாரோடு பிறந்தவை. பெரும்பாலும் மூன்று நான்கு கார்டுக்குள் அடங்குபவை. பேரனுக்குக் கார்டு தெரியும், தாத்தாவுக்குப் பாட்டு தெரியும். அதைவிட நல்ல முதல் கச்சேரி எனக்குத் தெரியாது.

அப்பாமார் எல்லோரும் கேட்பது 'இளைய நிலா'. 1982இல் வந்த அந்தப் பாட்டின் கிட்டாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். அந்தத் தொடக்க மீட்டல் முதல் ஆண்டுக்கு உரியதல்ல. பாட்டை எளிய கார்டுகளோடு பாடுங்கள், மீட்டல் பிறகு வரும். அதை அமைத்த இளையராஜாவே கிளாசிக்கல் கிட்டாரில் லண்டன் டிரினிட்டித் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். 2025 மார்ச் 8ஆம் நாள் ஹாமர்ஸ்மித்தில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய சிம்பொனியை வாசித்தபோது இந்த அவையில் பலர் அங்கே இருந்திருப்பீர்கள்.

தேர்வு என்றதும் நிமிர்ந்து உட்காரும் பெற்றோருக்கு: டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம், ராக்ஸ்கூல் மூன்றிலும் கிட்டாருக்குக் கிரேடு உண்டு. ஆறு முதல் எட்டு வரையான கிரேடுகளுக்குப் பல்கலைக்கழக நுழைவில் யூகாஸ் புள்ளிகளும் உண்டு. நல்லதுதான். ஆனால் முதல் ஆண்டில் தேர்வு வேண்டாம். மூன்று பாட்டை ஓராண்டு முழுக்கத் தேய்த்துச் சான்றிதழ் வாங்கி, நாலாவது பாட்டு வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். மனதுக்கு வேதனையாக இருக்கிறது.

கிட்டாரில் கமகம் வருமா என்று வீணை கற்ற ஒரு அம்மா போன வாரம் கேட்டார். வரும். வீணையிலும் மெட்டு இருக்கிறது. கம்பியை இழுத்துத்தானே கமகம் கொண்டுவருகிறோம். ஜான் மெக்லாக்லின் என்ற கிட்டார் கலைஞர் 1970களில் சக்தி என்ற இசைக்குழுவுக்காக, கம்பியை இழுக்க வசதியாக ஃப்ரெட்டுகளுக்கிடையே மரத்தைக் குழித்த கிட்டார் ஒன்றைப் பயன்படுத்தினார். ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா, கிட்டாரில் முழுக் கர்நாடகக் கச்சேரியே செய்கிறார்.

ஒரு வார்த்தை இந்த ஊரின் குளிரைப் பற்றி. குளிர்காலத்தில் ஹீட்டிங் போட்டதும் வீட்டுக் காற்று வறண்டு மரம் சுருங்கும். ரேடியேட்டர் பக்கத்தில் கிட்டாரைச் சாய்க்காதீர்கள், வெடித்துவிடும். ஆனால் பையில் பூட்டியும் வைக்காதீர்கள். கண்ணில் படும் இடத்தில் ஸ்டாண்டில் நிற்கும் கிட்டாரைத்தான் பிள்ளை எடுக்கும்.

வயதாகிவிட்டதே என்று தயங்கும் அண்ணன்மார், அக்காமாருக்கு: உங்களுக்குப் பாட்டு ஏற்கெனவே நெஞ்சில் இருக்கிறது. அது பாதி வேலை. பிள்ளையின் வகுப்புக்கு வெளியே காரில் காத்திருக்காமல் உள்ளே வந்து பக்கத்தில் உட்காருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் வீட்டில், அலமாரிக்கு மேலோ கட்டிலுக்கு அடியிலோ, யாரும் தொடாத கிட்டார் ஒன்று கிடக்கும். அதை இந்தப் பள்ளிக்குக் கொடுங்கள். கம்பி அறுந்திருந்தாலும் பரவாயில்லை. கம்பி மாற்றி, உயரம் சரிசெய்து தருவது என் பொறுப்பு. வாங்க வசதியில்லாத பிள்ளைகள் மூன்று மாதம் இரவலாக வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து வகுப்பு முடியும்வரை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். கொண்டு வாருங்கள்.